ஆடியில் வந்த கிரைண்டர்

கடைக்காரர் ஓட்டிக் காட்டாத பொருளை எப்படி வாங்குவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டுவிட்டதா? நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். ஒரு பல்பு வாங்கினால்கூட மேசைமேல் இருக்கும் ஹோல்டரில் மாட்டி, எரித்துக் காட்டி, அதற்குப் பிறகுதானே அட்டைக்குள் செருகித் தருவார்கள்? குடையை விரித்துப் பார்ப்போம். பானையைச் சுண்டிப் பார்ப்போம். டார்ச் லைட்டைக் கடைக்காரர் முகத்திலேயே அடித்துப் பார்ப்போம். அவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார்.

போன ஆடியில் என் மருமகள் போனிலேயே ஒரு கிரைண்டர் வாங்கினாள். ஆடித் தள்ளுபடியாம். படத்தைப் பார்த்தாள், யார் யாரோ எழுதியிருந்ததைப் படித்தாள், விரலால் ஒரு தட்டுத் தட்டினாள், வேலை முடிந்தது. பெட்டியைக் கொண்டுவந்த தம்பி வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்றார்.

"பிரிச்சு ஓட்டிக் காட்டு சாமி, அப்பறம் சொல்றேன். அரிசி ஊறப் போட்டுத்தான் வெச்சிருக்கேன்" என்றேன்.

அவர் மருமகளைப் பார்த்தார். மருமகள் என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் அவிய பண்ண மாட்டாங்க. புடிக்கலீனா திருப்பி அனுப்பிக்கலாமுங்க" என்று என் காதோரம் சொன்னாள்.

"புடிக்குதா இல்லையான்னு நமக்குத் தெரியறதுக்குள்ள இவரு ராசிபுரத்தையே தாண்டிருவாரே?"

அந்தத் தம்பி நல்ல மாதிரி. கோபப்படவில்லை. "இன்னும் ஊரு முழுக்கப் போகோணும், மன்னிச்சுக்குங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆக, ஆடி மாதத்தில், சக்கரம் சுற்றுகிற ஒரு சாமான், ஓட்டிக் காட்டாமல், எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் அம்மா இருந்திருந்தால் அந்தத் தம்பியை விட்டிருக்க மாட்டாள். என் அத்தை இருந்திருந்தால் பெட்டியையே வாசல்படி தாண்ட விட்டிருக்க மாட்டாள். இந்த இரண்டு பேரையும் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் போர் வண்டிக்காரர்கள். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி ஒன்றில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது. வருடத்தில் பெரும்பகுதி வண்டி வடக்கே ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றும். அப்பாவும் அதோடு சுற்றுவார். அங்கே மழை பிடித்துவிட்டால் வண்டி சேற்றில் புதையும், வேலை ஓடாது. ஆகவே ஆனிக் கடைசியில் எல்லா வண்டிகளும் ஊர் திரும்பும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்பா என்பவர் மழைக்காலத்தில் வருகிறவர். மழை எங்கள் ஊரில் பெய்யாது, எங்கோ பெய்யும். எங்களுக்கு ஆடிக் காற்றும் புழுதியும் அப்பாவும்தான் வருவார்கள்.

அப்பாவோடு வண்டி ஆட்களும் வருவார்கள். வண்டியை வாசலுக்கு எதிரே களத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, கிரீஸ் வைத்து, பெயிண்ட் அடித்து, ஆவணியில் மறுபடி கிளம்புகிறவரை அவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. காலையில் இட்லி. பாறையைத் துளைக்கிற ஆட்கள் தின்னும் இட்லி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சோறு குறைந்த வண்டியில் ஆள் நிற்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த இட்லி வெறும் இட்லி அல்ல, எங்கள் தொழிலின் மானம்.

அந்த மானத்தைக் காப்பாற்றியது என் அக்காவின் கை. அம்மாவுக்கு வலது தோள் போய்விட்டிருந்தது. எத்தனையோ வருடம் சேந்துகிணற்றில் நீர் இறைத்த தோள். தலை வாருவதற்கே கையைத் தூக்க முடியாது. ஆட்டாங்கல் குழவியைப் பிடித்துச் சுற்ற அவளால் ஆகாது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கணவர் போனபிறகு எங்களோடுதான் இருந்தார். அவர் அந்தக் கல்லோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டு, குழவியை அக்காவிடம் கொடுத்திருந்தார். மழைக்காலம் வந்தால் அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு கை குழவியில், இன்னொரு கை மாவைத் தள்ளும். பாடப் புத்தகம் எதிரே சுவரில் சாய்ந்திருக்கும். பக்கம் திருப்புவது என் வேலை. மாவுக் கையால் அவள் தொட்டால் புத்தகம் ஒட்டிக்கொள்ளும் அல்லவா?

அப்படி ஆட்டிக்கொண்டே படித்துத்தான் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் படிக்க இடமும் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். ஆடி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அப்பா படிப்புக்கு எதிரி இல்லை. "படிக்கட்டும், யாரு வேண்டாங்கறா? வண்டி கெளம்பட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருடம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். அடுத்த வருடம் ஒரு மாப்பிள்ளையோடு வரும்.

அத்தை நேராகவே கேட்டார். "அவ போயிட்டா குழவிய யாரு புடிக்கறது?"

எல்லோர் கண்ணும் என்மேல் திரும்பியது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அழ ஆரம்பித்துவிட்டேன். அக்காவின் படிப்புக்காகச் சின்னவள் உருகுகிறாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. உண்மையில் நான் என் கைக்காக அழுதேன்.

"மிசின் வாங்கிக்கலாமுங்க" என்றாள் அம்மா.

மாவாட்டும் மிசின் என்று ஒன்று வந்திருப்பதை நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். ராசிபுரத்தில் ஒரு நெய் மண்டிக்காரர் வீட்டில் இருந்தது. பார்த்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஆவணி பொறக்கட்டும்" என்றார். "ஆடியில சக்கரம் வெச்ச சாமான் எதும் வாங்கறதில்லயே."

இது எங்கள் தொழிற்காரர்களின் கட்டுப்பாடு. ஆடியில் புதுவண்டி எடுக்க மாட்டார்கள் என்பது ஊருக்கெல்லாம் பொது. எங்கள் வீட்டில் அது வண்டியோடு நிற்கவில்லை. ஒரு தடவை சித்தப்பா ஆடியில் சைக்கிள் வாங்கி வந்து, ஆவணி முதல் தேதி பிறக்கும்வரை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த கதையும் உண்டு. சக்கரம் தரையில் பட்டால்தானே குற்றம்?

"அது வண்டியாங்க? ஊட்டுச் சாமான்தானுங்க?" என்றாள் அம்மா.

அத்தை விடவில்லை. "உள்ள சக்கரம் சுத்துதா இல்லையா, அதச் சொல்லு அம்மிணி."

"சுத்துதுங்க நங்கையா. ஆனா எங்கயும் போகாதுங்களே." கணவரின் அக்காவை நங்கையா என்றுதான் அம்மா கூப்பிடுவாள்.

களத்தில் ஸ்பேனரோடு நின்ற ஆட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே ஒரு வார்த்தையும் கொடுத்தார். "உன்ற எருமைப் பால் காசுதான். வாங்கிக்க. மிசின் மாவுல எங்க ஆளுங்களுக்கு ருசியா, வயித்துக்கு நெறவா இட்லி வெச்சுட்டீனா புள்ள போகட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லீனா பேச்ச அதோட உட்டறோணும்."

"சரிங்க" என்றாள் அம்மா. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வாக்குக் கொடுத்தவர் அப்பா. ஆனால் ஜெயித்தவள் மாதிரி உள்ளே போனது அம்மா.

மறுநாள் சேலத்துக்குப் பேருந்து ஏறினோம். அம்மா, அக்கா, நான். அம்மா மடியில் இரண்டு தூக்குப்போசிகள். ஒன்றில் ஊற வைத்த அரிசி, இன்னொன்றில் ஊற வைத்த உளுந்து. எதற்கு என்று கேட்டேன். "மாடு வாங்கப் போனா கறந்து பாக்காம புடிச்சுட்டு வருவமா?" என்றாள்.

கடைவீதியில் இருந்த அந்தக் கடையில் கிரைண்டர்கள் வரிசையாக நின்றன. இப்போது மேசைமேல் உட்காருகிறதே, அந்தச் சின்ன வகை அல்ல. நான்கு கால் வைத்து இடுப்பு உயரத்துக்கு நிற்கும். உள்ளே அசல் கருங்கல். கீழே மோட்டார், பக்கத்தில் ஒரு பெல்ட். கடைக்காரர் மோட்டாரைப் பற்றிப் பேசினார், கல்லைப் பற்றிப் பேசினார், எத்தனை வருடம் உழைக்கும் என்று பேசினார். அம்மா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டுப் போசியின் மூடியைத் திறந்தாள்.

"இத ஆட்டிக் காட்டுங்க."

கடைக்காரர் திகைத்தார். "யாரும் இப்படிக் கேட்டதில்லையேம்மா! சும்மா ஓட்டிக் காட்டறேன், பாருங்க."

"சும்மா சுத்தறதப் பாக்கறதுக்கு எங்க ஊட்டு முன்னால போர் வண்டியே நிக்குதுங்க. எனக்கு மாவு பாக்கோணும்."

அவர் மறுபடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அதற்குள் உளுந்தைக் கொட்டிவிட்டாள். மிசின் ஓடியது. தெருவில் போனவர்கள் படியேறி வந்து நின்றார்கள். பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தாள், அடிக்கடி உள்ளே விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். உளுந்து பொங்கி மேலே வந்ததும் ஒரு உருண்டை எடுத்து, கடைக்காரரின் தண்ணீர்ச் சொம்பிலேயே போட்டாள். அது மிதந்தது. கூட்டம் "ஆகா" என்றது. எனக்கு அந்த நிமிடம் அவள் என் அம்மா என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளிடம் சொல்லியும்விட்டேன்.

அங்கே நின்றவர்களில் சிலர் அன்றே கிரைண்டருக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. எங்களுக்குக் கலர் சோடா வரவழைத்தார். "வாரத்துக்கு ஒருக்கா வந்து இப்படி ஆட்டிக் காட்டறீங்களாம்மா?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். கிரைண்டரை வைக்கோல் சுற்றி, திருச்செங்கோடு போகும் லாரியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

அரிசியையும் ஆட்டி முடித்தபிறகு, அந்த மாவை விட்டுவிட்டு வர அம்மாவுக்கு மனமில்லை. பக்கத்து மளிகைக்கடையில் கல் உப்பு வாங்கிப் போட்டு, கையால் கரைத்து, போசிகளில் அடைத்துக்கொண்டாள். வெயில், கூட்டம், தவறவிட்ட ஒரு பேருந்து. ராசிபுரம் தாண்டுவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. அம்மாவின் மடியில் வழிந்து, சீட்டில் வழிந்து, கடைசியில் கண்டக்டரின் செருப்பில் வழிந்தது.

"ஏனுங்க, என்னதுங்க இது?" என்று அவர் காலைத் தூக்கினார்.

"பொங்கிருச்சுங்க! பாருங்க, எப்படிப் பொங்கியிருக்குதுன்னு பாருங்க!" என்றாள் அம்மா. மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. பேருந்து முழுக்க எட்டிப் பார்த்தது.

கிரைண்டர் வந்து இறங்கிய அன்று வண்டி ஆட்களுக்குத் திருவிழா. அவர்களுக்கு மிசின் என்றால் மிசின்தான், அடுக்களைக்கு வந்தது களத்துக்கு வந்தது என்ற பேதம் கிடையாது. வேப்பிலை கட்டினார்கள். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். நான்கு கால்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, அதன்பிறகு எப்படி நசுக்குவது என்று தெரியாமல் விழித்தார்கள். லாரியென்றால் ஓட்டி நசுக்கலாம். கடைசியில் கிரைண்டரைத் தூக்கித் தூக்கி இறக்கி நசுக்கினார்கள். அப்பா பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அத்தை மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. எங்கள் ஊரில் தோட்டங்களில் மோட்டார் ஓடத் தொடங்கினால் வீட்டு பல்பெல்லாம் மஞ்சள் பூத்துவிடும். அந்தக் கரண்டில் கிரைண்டர் மெல்லச் சுற்றியது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிழைப்பே மணிக்கு எத்தனை அடி என்பதில் இருக்கிறது. அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன இது, எருமை தண்ணிக்குப் போற மாதிரி போவுது? ஆளுங்க பசிச்சுக் கெடந்தா இது எப்ப ஆட்டி முடிக்கறது?"

"முடிக்குமுங்க. மெதுவாத்தானுங்க ஆட்டோணும்."

அவர் காதில் விழவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் குனிந்தார். அங்கே பெல்ட்டைச் சுற்றும் சின்ன இரும்புச் சக்கரம் இருக்கிறதே, புல்லி, அதை விரலால் அளந்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு திருச்செங்கோட்டு லேத் பட்டறைக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது அவர் கையில் புதிதாகக் கடைந்த, பளபளவென்ற பெரிய புல்லி ஒன்று இருந்தது. பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் கிரைண்டர் உறுமியது. கல் சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. மாவு தெறித்துச் சுவரில் கோலம் போட்டது. ஆட்கள் விசில் அடித்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஆட்டி முடிந்துவிட்டது. அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் ஆட்டறது" என்றார்.

மறுநாள் காலை அம்மா இட்லிக் கொப்பரையைத் திறந்தாள். இட்லிகள் வைத்த இடத்திலேயே தட்டையாகக் கிடந்தன. உடைத்தால் விண்டுபோகாமல் இழுத்தது. வண்டி ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள், தலை குனிந்து மென்றார்கள். அவர்களில் டிரில்லர் ஒருவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, அவர் மட்டும் ஒரு இட்லியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இதத் தொளைக்கப் பழைய டிரில் பிட்டு தாங்காதுங்க, புதுசுதான் மாட்டோணும்" என்றார். அப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆடியில சக்கரத்த ஊட்டுக்குள்ள உட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் அத்தை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் அக்கா யாரும் சொல்லாமலே பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டாங்கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கல்லூரிக்கென்று துணி மடித்து வைத்திருந்த டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். அன்று சுவரில் புத்தகம் சாயவில்லை. அப்பாவோடு அவள் பேசவே இல்லை. அப்பா வேண்டுமென்றே புல்லியை மாற்றிக் கெடுத்தார் என்பது அவள் முடிவு. அவள் முடிவுதான் என் முடிவும்.

அம்மா கிரைண்டரை விடவில்லை. அக்கா கல்லில் அரிசியைப் போடுவதற்குள், "ஒரு நாள் பொறு சாமி" என்று அவளை எழுப்பிவிட்டாள். அன்று மத்தியானம் ஆட்கள் எல்லாம் வண்டிக்கு அடியில் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கைப்பிடி உளுந்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். நிறுத்தி உள்ளே கையை விட்டாள். என் கையையும் பிடித்து உள்ளே வைத்தாள்.

"எப்படி இருக்குது?"

"சுடுதும்மா."

"ஆமா. மாவுக்குக் காச்சல் கண்டிருக்குது. கடையில ஆட்டுறப்ப சில்லுனு இருந்துச்சு, நான்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தனே. வேகம் ஆகாது சாமி இதுக்கு. அப்பா கழட்டிப் போட்ட பழசத் தேடிட்டு வா. ஸ்பேனரும் கொண்டா."

ஸ்பேனர் சுலபமாகக் கிடைத்தது, களம் முழுக்க அதுதானே கிடந்தது. புல்லியைக் காணவில்லை. கழிவு இரும்புப் பெட்டியைக் கிளறினேன். தேய்ந்த பிட்டுகள், வாஷர், நட்டு, உடைந்த ஸ்பிரிங்கு எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. கை முழுக்க கிரீஸோடு உள்ளே வந்தபோது கண்ணில் பட்டது. அத்தையின் ஊறுகாய்ச் சாடி வாயில் கட்டிய துணி காற்றில் பறக்காமல் இருக்க, அதன்மேல் வைத்திருந்த பாரம் அந்தப் புல்லிதான். அத்தை பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கேட்டால் எதற்கு என்பார். சொன்னால் ஆடி என்பார். கேட்காமல் எடுத்தால் கை உடையும். அப்படியே நின்றேன்.

அத்தை என் கிரீஸ் கையைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார். "மூடிக்கு வேற கல்லு கொண்டாந்து வெச்சுட்டு எடுத்துட்டுப் போ" என்றார்.

அம்மா கிரைண்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு இடக்கையால் ஸ்பேனரைத் திருகினாள். அப்பா முறுக்கிய நட்டு அது, அசையுமா? வலது தோள் உதவவில்லை. நான் தொங்கிப் பார்த்தேன், நானும் ஸ்பேனரும் சேர்ந்து வழுக்கினோம். அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்போது பின்னால் சேலை சரசரத்தது.

"தள்ளு அம்மிணி" என்றார் அத்தை.

எத்தனை வருடம் குழவி சுற்றிய கை! ஸ்பேனரை ஒரு பிடி பிடித்தார், ஒரு இழுப்பு இழுத்தார், நட்டு முனகிக்கொண்டு திரும்பியது. அத்தை எதுவும் நடக்காதது போல முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். சின்னப் புல்லியை மாட்டி, மோட்டாரைத் தள்ளி வைத்து, பெல்ட்டை இழுத்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். வண்டிக்கடியில் அப்பாவின் குறட்டை மட்டும் கேட்டது.

மறுநாள் காலை வாழை இலைகளில் இட்லி விழுந்தது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் குழியும் இட்லி. வண்டி ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாய்த்துடுக்கு டிரில்லர் வாயே திறக்கவில்லை, திறக்க இடமில்லாமல் உள்ளே இட்லி இருந்தது. அப்பா சட்னியை வழித்துக்கொண்டே சொன்னார்:

"இதுதான் இட்லி. என்ன இருந்தாலும் கல்லுல ஆட்டறதுக்கு மிசின் ஈடாகுமா? எல்லாம் பெரியவ கை."

அம்மா உள்ளே போனாள். பளபளவென்ற பெரிய புல்லியைக் கொண்டுவந்து அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க புல்லிங்க. ஆட்டாங்கல்லு நனையவே இல்லைங்க. வேணும்னா தொட்டுப் பாத்துட்டு வாங்க."

அப்பா எச்சில் கையோடு எழுந்து கொல்லைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். ஆட்டாங்கல்லின் குழிக்குள் கையை விட்டார். விரலில் ஆடிப் புழுதிதான் ஒட்டிக்கொண்டு வந்தது. அக்கா கதவோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்த அப்பா ஆட்களைப் பார்த்து, "தொளைக்கறது வேற, ஆட்டறது வேறடா. நமக்குத்தான் தெரியல" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். "பொட்டி எங்க சாமி? எடுத்து வெளிய வெய்யி."

அக்காவைச் சேலத்துக்கு எதில் கொண்டுபோய் விட்டார் என்கிறீர்கள்? போர் வண்டியிலேதான். பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, துளைபோடும் நெடுங்கோபுரத்தைப் படுக்க வைத்து நின்ற அந்த வண்டியில். அதில் பெண்கள் ஏறுகிற வழக்கம் கிடையாது. ஆடி வேறு முடிந்தபாடில்லை. அப்பா கதவைத் திறந்து, "ஏறு" என்றார் அம்மாவிடம். அம்மா அத்தையைப் பார்த்தாள். "பாத்துட்டு நிக்காத, ஏறு அம்மிணி" என்றார் அத்தை. நான் அம்மா மடியில், அக்கா ஜன்னலோரம், டிரங்குப் பெட்டி கம்ப்ரெசர் பக்கத்தில்.

கல்லூரி வாசலில் காவலாளி ஓடி வந்தார். "இங்க போர் போடச் சொல்லி யாரும் சொல்லலையே?"

"புள்ளைய உட வந்தனுங்க" என்றார் அப்பா. கீழே இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். காவலாளி கேட்காமலே மேற்கொண்டும் சொன்னார், "பௌதிகம் படிக்கறா."

திரும்பும் வழியில் வண்டி அந்தக் கடைமுன் நின்றது. கடைவீதியே அடைத்துக்கொண்டது. அப்பா இறங்கிப் போய்க் கடைக்காரரிடம், "வாங்கறவங்ககிட்டச் சொல்லி உடுங்க, புல்லிய மாத்தக் கூடாதுன்னு. மாவு சூடாகுதுங்க. என்ற சம்சாரம் கண்டுபுடிச்சா" என்றார். வண்டியில் உட்கார்ந்திருந்த அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். காதோரம் மட்டும் சிவந்திருந்தது.

அக்கா படித்து, பௌதிகம் சொல்லிக் கொடுத்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். அவளுடைய ஓய்வு விழாவுக்கு அந்த வாய்த்துடுக்கு டிரில்லரும் வந்திருந்தார். பல்லெல்லாம் போய்விட்டது, துடுக்கு போகவில்லை. புல்லிக் கதையை நாங்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்து சொன்னார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியாதுங்க. அன்னைக்கு லேத்துக்கு மொதலாளிகூட நானும்தான் போனேன். பட்டறைக்காரரு நாளைக்கு வாங்கன்னாரு. மொதலாளி நகரல. 'ஆடி முடியறதுக்குள்ள என்ற புள்ள காலேசு போகோணும், மிசின் வேகமாச் சுத்துனாத்தான் அத்தன பேருக்கும் ஆட்ட முடியும், இப்பவே கடைஞ்சு குடு'ன்னு வாசல்லயே உக்காந்துட்டாருங்க."

அக்கா கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தாள். அப்பா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. கெடுக்கத்தான் மாற்றினார் என்று இத்தனை காலம் நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோமே! ஒரு மிசினுக்கு நல்லது செய்ய அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான், அதன் வேகத்தைக் கூட்டுவது. அவர் பெண்ணுக்காக மாட்டிய புல்லியை அம்மா பெண்ணுக்காகக் கழற்றினாள். இப்படிப்பட்டவர்கள் வீட்டில் நாங்கள் பிறந்தோம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

குழவி என் கைக்கு வரவே இல்லை. சில வருடம் கழித்து நானும் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, அத்தை என் உள்ளங்கையை விரித்துத் தன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் விரல் காய்த்துப் போய் உரசியது. "ஒண்ணுமே இல்ல" என்றார். ஏசுகிறார் என்று நினைத்துக் கையை இழுத்தேன். விடவில்லை. "இருக்கட்டும் சாமி, இப்படியே இருக்கட்டும்" என்றார்.

போன ஆடியில் வந்த கிரைண்டரில் அன்று சாயங்காலமே அரிசியும் உளுந்தும் போட்டு ஓட்டினேன். சத்தமே இல்லை. மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்குதுன்னு எழுதச் சொல்லிக் கேக்கறாங்க, என்னங்க போடட்டும்?" என்றாள். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு மிசினை நிறுத்தி, உள்ளே கையை விட்டேன்.

அம்மாவின் படத்தை நான் பூஜை அறையில் வைக்கவில்லை, அடுக்களையில்தான் மாட்டியிருக்கிறேன். மாவுக் கையோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"காச்சல் இல்லம்மா" என்றேன்.